சிந்திய நெல்லும் தூவிய நெல்லும்: தண்ணீர் கட்டிய வயல்களில் வாத்து வேட்டை

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலிருந்து ஒரே மாதிரியான காணொளிகள் வந்துகொண்டே இருக்கும். அறுவடை முடிந்த நெல்வயல். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். வரப்பில் புதைத்த பதுங்கு குழிக்குள் நாலைந்து பேர். விடியும் நேரத்தில் வட்டமிட்டு இறங்கும் வாத்துக் கூட்டம், அப்புறம் வெடிச்சத்தம்.

இதைப் பார்க்கும் தமிழ் வாசகருக்குச் சில கேள்விகள் எழுவது இயல்பு. அறுத்த வயலுக்கு ஏன் தண்ணீர் கட்டுகிறார்கள்? நெல் சிந்திக் கிடக்கும் இடத்தில் காத்திருந்து சுடுவது, தீனி வைத்துக் கொல்வது ஆகாதா? இப்படிச் சுடுகிறவர்களே தங்களைப் பறவைப் பாதுகாவலர்கள் என்று சொல்லிக்கொள்வது எப்படி? அடிப்படையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## வயல் எப்படி வாத்தின் பந்தியானது

அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறக்குறையப் பாதி ஆர்கன்சாவில் விளைகிறது. மாநிலத்தின் கிழக்கே கிராண்ட் பிரெய்ரி என்ற சமவெளி இருக்கிறது. மேல்மண்ணுக்குக் கீழே இறுகிய களிமண் அடுக்கு. ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கண்டுகொண்டவர்கள் அங்கே நெல் போட்டார்கள். அந்தச் சமவெளியின் நடுவில் உள்ள ஸ்டட்கார்ட் என்ற சிற்றூர், 'உலகின் நெல், வாத்துத் தலைநகர்' என்று தன்னை அழைத்துக்கொள்கிறது. 1936 முதல் அங்கே வாத்துபோலக் குரல் கொடுக்கும் போட்டி நடந்துவருகிறது.

நெல்லுக்கு முன்பே வாத்து அங்கே இருந்தது. மிசிசிப்பி ஆற்றின் கீழ்ச் சமவெளியில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கர் ஆற்றோரக் காடு இருந்தது. குளிர்கால வெள்ளத்தில் கருவாலி மரங்களின் அடியில் தண்ணீர் நிற்கும், கொட்டைகள் உதிர்ந்து மிதக்கும், வாத்துகள் அவற்றைத் தின்னும். அந்தக் காட்டில் இன்று நான்கில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. பெரும்பகுதியை வெட்டி வயலாக்கிவிட்டார்கள். கொட்டை போன இடத்தில் நெல் வந்தது, வாத்தும் நெல்லுக்குப் பழகிக்கொண்டது.

இங்கே முக்கியமான பறவை மல்லார்ட். ஆணின் தலை பளபளக்கும் பச்சை. பெண் பழுப்புப் புள்ளிகள் கொண்டது. நம் ஊரில் வளர்க்கும் நாட்டு வாத்தின் மூதாதையும் இதுதான். கனடாவின் சஸ்காட்சுவான், மானிட்டோபா, அமெரிக்காவின் டகோட்டா பகுதிகளில் பனிப்பாறைகள் குடைந்துவிட்டுப்போன லட்சக்கணக்கான குட்டைகளின் ஓரம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அவை உறையத் தொடங்கியதும் தெற்கே கிளம்பும். மல்லார்ட் அதிகம் சுடப்படும் மாநிலங்களின் வரிசையில் பெரும்பாலான ஆண்டுகளில் ஆர்கன்சாதான் முதலிடத்தில் நிற்கிறது.

சரி, தண்ணீர் ஏன்? மல்லார்ட் முழுக்குப் போடும் வாத்து அல்ல. வாலை மேலே தூக்கி, தலையைத் தண்ணீருக்குள் விட்டு, அடியில் கிடப்பதைத் துழாவித் தின்னும். ஒரு அடிக்கு உட்பட்ட ஆழம்தான் அதற்கு வசதி. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இயந்திரம் அறுத்துப்போட்ட வயலில் அரிதாளும் சிந்திய மணிகளும் கிடக்கும். உழவர் மடையில் பலகை போட்டு அடைத்து மழைநீரைத் தேக்குவார், அல்லது பம்பு வைத்து இறைப்பார். அந்த நீரில் நெல் மட்டுமின்றிக் களைவிதைகளும் புழுபூச்சிகளும் கிடைக்கும். நரி போன்றவை எளிதில் நெருங்க முடியாது என்பதால் இரவில் தங்கவும் இடமாகிறது.

உழவருக்கும் இதில் லாபம் உண்டு. வைக்கோலும் தாளும் ஊறி மட்கும். மேல்மண் அரித்துப்போகாது. சிவப்பு நெல் என்ற களையின் விதைகளை வாத்துகள் பொறுக்கித் தின்றுவிடும். காவிரிப் படுகையில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆர்கன்சாவில் ஓட்டி வருகிறவர் யாரும் இல்லை, பறவை தானாக வந்து இறங்குகிறது.

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் கதை வேறு வழியில் வந்து இதே இடத்தில் சேர்கிறது. அங்கே அறுவடைக்குப் பின் வைக்கோலைக் கொளுத்துவது வழக்கமாக இருந்தது. புகைமூட்டம் தாங்காமல் 1991-இல் அதைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. கொளுத்த முடியாத உழவர்கள் தண்ணீர் கட்டி மட்க வைத்தார்கள். காற்றைச் சுத்தப்படுத்தப் போட்ட சட்டம், பல லட்சம் பறவைகளுக்குக் குளிர்கால ஏரியைக் கொடுத்துவிட்டது.

## தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

1. பார்வை வாத்து. பறவையை ஏமாற்றி இறக்குவதற்காக மிதக்கவிடும் பொம்மை. இரை விலங்கை ஈர்க்கக் கட்டிவைக்கும் விலங்குக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்றே பெயர். உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து ஈர்ப்பது அமெரிக்காவில் 1935 முதல் குற்றம்.
2. அழைப்பான். வாயில் வைத்து ஊதும் சிறு குழல். ஒலிப்பதிவைப் போட்டு வாத்தை அழைப்பது கூடாது.
3. பதுங்கு குழி. வரப்பில் புதைத்த இரும்புப் பெட்டி. மேலே வைக்கோல் வேய்ந்திருக்கும்.
4. நாள் வரம்பு. ஒருவர் ஒரு நாளில் சுடலாம் என அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை. ஆர்கன்சாவில் அண்மைப் பருவங்களில் 6 வாத்துகள்; அவற்றில் மல்லார்ட் 4-க்கு மேல் கூடாது, அந்த நாலில் பெண் 2-க்கு மேல் கூடாது.
5. தீனி தூவல். சுடுவதற்காக இரையைப் போட்டு ஈர்ப்பது. இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கல் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

## விதிகள் எங்கிருந்து வந்தன

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாத்து ஒரு சந்தைச் சரக்கு. படகின் முனையில் பீரங்கிபோன்ற துப்பாக்கியைப் பொருத்தி, தண்ணீரில் உறங்கும் கூட்டத்தை ஒரே வெடியில் டஜன் கணக்கில் வீழ்த்தி, பீப்பாய்களில் அடைத்து நகரங்களுக்கு அனுப்பினார்கள். அப்போது வரம்பு என்று எதுவும் இல்லை. பறவைகள் கண்முன்னே குறைந்தன.

1900-இல் லேசி சட்டம், மாநிலச் சட்டத்தை மீறிக் கொன்றவற்றை மாநில எல்லை தாண்டிக் கடத்துவதைக் குற்றமாக்கியது. 1916-இல், கனடாவின் சார்பில் கையெழுத்திட்ட பிரிட்டனோடு வலசைப் பறவை ஒப்பந்தம். 1918-இல் அதை நடைமுறைப்படுத்தும் சட்டம். 'எங்கள் வானில் பறக்கும் பறவைக்கு நாங்களே சொந்தக்காரர்கள்' என்று மிசூரி மாநிலம் வழக்குப் போட்டது. 1920-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இன்று ஒரு மாநிலத்தில் இருந்து நாளை இன்னொரு மாநிலத்துக்குப் போகும் பறவையை ஒரு மாநிலம் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்ற அந்தத் தீர்ப்புதான் இன்றைய விதிகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

அப்புறம் 1930-களின் பெருவறட்சி வந்தது. வடக்கே குட்டைகள் வற்றின, குஞ்சு பொரிப்பது வெகுவாகக் குறைந்தது. அந்த நெருக்கடியில் 1935-இல் மூன்று தடைகள் ஒன்றாக வந்தன: உயிருள்ள பார்வை வாத்து கூடாது, தீனி தூவக் கூடாது, துப்பாக்கியில் ஒரே சமயத்தில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. பறவைக்குத் தப்ப ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்ற எண்ணம் மூன்றுக்கும் பொது. அங்குள்ள வேட்டைக்காரர்கள் இதை 'நேர்மையான துரத்தல்' என்ற பொருளில் பேசுவார்கள்.

## எது தீனி, எது அறுவடை?

நெல்வயலில் தீனித் தடை எப்படிப் பொருந்தும்? கூட்டாட்சி விதிகளைச் சுருக்கினால் இப்படி வரும்:

1. வழக்கமான அறுவடையில் சிந்திய நெல் தீனி அல்ல. அங்கே தண்ணீர் கட்டலாம், வேட்டையாடலாம்.
2. அறுக்காமல் நிற்கும் பயிருக்குத் தண்ணீர் கட்டி, அதன்மேல் இறங்கும் வாத்தைச் சுடலாம்.
3. அறுக்காத பயிரை வெட்டி, உருளையால் சாய்த்து, மிதித்து அல்லது எரித்து மணியைக் கீழே கொட்டவைத்தால் அது தீனி. அங்கே சுடுவது குற்றம்.
4. வெளியிலிருந்து நெல்லைக் கொண்டுவந்து தூவினால் குற்றம். விளைந்த வயலிலேயே அறுத்த நெல்லைத் திரும்பக் கொட்டினாலும் அப்படியே.
5. தானாக முளைத்த புல் பூண்டுகளை வெட்டிச் சாய்க்கலாம். அது தீனிக் கணக்கில் வராது.
6. தீனியை முழுவதுமாக அகற்றிய பிறகும் 10 நாள் அந்த இடத்தில் சுடக் கூடாது. தின்று பழகிய பறவை, தீனி தீர்ந்த பிறகும் அதே இடத்தைத் தேடி வரும் என்பதே காரணம்.
7. எவ்வளவு தூரம் தள்ளி நின்றால் சரி என்று அளவு எதுவும் இல்லை. அந்தத் தீனி பறவையின் வழியை நீ நிற்கும் இடத்துக்குத் திருப்புகிறதா என்பதுதான் கேள்வி.

1998 வரை, தீனி கிடந்தது தெரியாமல் சுட்டவரும் குற்றவாளிதான். அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தெரிந்திருந்தாரா அல்லது நியாயமாகப் பார்த்தால் தெரிந்திருக்க வேண்டியவரா என்று பார்க்கிறார்கள். அடுத்தவர் வயலில் வேட்டைக்குப் போகிறவர் முதலில் இறங்கித் தண்ணீரைத் துழாவிப் பார்க்க வேண்டும் என்பது இதன் பொருள்.

இரண்டாவது விதியும் மூன்றாவது விதியும் அடுத்தடுத்து நிற்பதைப் பாருங்கள். நின்ற பயிருக்குத் தண்ணீர் கட்டினால் சட்டப்படி சரி, அதே பயிரைச் சாய்த்துவிட்டால் குற்றம். வாத்தின் வயிற்றுக்கு இரண்டும் ஒன்றே. சட்டம் பார்ப்பது கையை: உழவு செய்த கையா, சுடுவதற்காகக் கொட்டிய கையா?

## மறுதாம்பு கிளப்பிய சண்டை

இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதை மறுதாம்பு நெல் காட்டிக்கொடுத்தது.

ஆகஸ்டில் அறுத்த தாளிலிருந்து மீண்டும் துளிர்த்து, அக்டோபர் வாக்கில் சிறு கதிர்கள் தள்ளும். லூசியானா, டெக்சாஸ் கடலோரங்களில் வெயில் நீடிப்பதால் அதையும் அறுத்துக் காசாக்கிவிடுவார்கள். ஆர்கன்சாவில் அதற்குள் குளிர் வந்துவிடும். பெரும்பாலும் அறுக்க முடியாது. அங்குள்ள உழவர் இலையுதிர் காலத்தில் வயலில் உருளை ஓட்டித் தாளை மண்ணோடு அமுக்குவார். அப்போதுதான் அடுத்த பருவத்துக்குள் மட்கும்.

அப்படி அமுக்கும்போது மறுதாம்புக் கதிரும் சாய்ந்து மணி தண்ணீரில் விழுகிறது. இது 'அறுவடைக்குப் பின் செய்யும் வழக்கமான வேலை'யா, அல்லது 'அறுக்காத பயிரைச் சாய்த்தல்' ஆகிவிடுமா? முதல் அறுவடையைப் பார்த்தால் வயல் அறுத்தாயிற்று. மறுதாம்பைப் பார்த்தால் அறுக்கவில்லை. மணி வைத்த மறுதாம்பைச் சாய்த்த வயலில் வேட்டையாடினால் தீனிக் குற்றம் ஆகலாம் என்று கூட்டாட்சி வனவுயிர்த் துறையின் பக்கத்திலிருந்து எச்சரிக்கை வந்தபோது உழவர்கள் கொதித்துப்போனார்கள். எது வழக்கமான உழவு முறை என்பதை விதிகளின்படி அந்தந்த மாநில வேளாண் விரிவாக்கத் துறையின் பரிந்துரைதான் தீர்மானிக்க வேண்டும். அதனால் வாதம் வேட்டையை விட்டு வேளாண்மைக்கு நகர்ந்தது: எந்தத் தேதிக்கு முன் உருட்டினால் அது உழவு, எந்தத் தேதிக்குப் பின் உருட்டினால் அது சாக்கு?

என் பார்வையில் இது வெறும் சொற்சண்டை அல்ல. மறுதாம்பு கதிர் தள்ளுவதற்கு முன்பே உருட்டிவிட்டால் தாளும் மட்கும், தீனிப் பேச்சும் எழாது. மணி முற்றும்வரை காத்திருந்து, வேட்டைப் பருவம் திறக்கும் வாரத்தில் உருட்டினால் அது யாருக்காகச் செய்த வேலை என்பது ஊருக்கே தெரியும்.

இதைவிடப் பெரிய ஓட்டை நின்ற பயிர்தான். பணம் படைத்த நில உரிமையாளர்கள் சிலர் மக்காச்சோளத்தை விளைவித்து, ஒரு கதிரைக்கூட அறுக்காமல், சுற்றிலும் கரை போட்டுத் தண்ணீர் கட்டுகிறார்கள். விற்பதற்காக விளைவித்தது அல்ல. வாத்துக்காக மட்டுமே விளைவித்தது. சிந்திய மணியைவிடப் பல மடங்கு இரை அங்கே கிடைக்கும். இது முழுக்கச் சட்டப்படி சரி. பக்கத்துப் பொது நிலத்தில் வேட்டைக்குப் போகும் சாதாரண ஆளுக்கு வானம் காலியாக இருக்கும். வேட்டைக்காரர்களுக்குள்ளேயே இதைக் கடுமையாக எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதே நியாயம் என்று நான் நினைக்கிறேன். மூட்டையிலிருந்து கொட்டினால் தவறு, வேரோடு நிறுத்திவைத்தால் சரி என்பதில் சட்ட வேறுபாடு இருக்கிறது, அற வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

## சட்டம் பேசாத இடங்கள்

தோட்டா எண்ணிக்கையைச் சட்டம் சொல்லும். எப்போது விசையை இழுக்கக் கூடாது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது.

தூரம். நல்ல வேட்டைக்காரர் 35, 40 கஜத்துக்குள் வந்த பறவையை மட்டுமே சுடுவார். அதற்கு மேல் போனால், தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளான ரவைகள் விரிந்துவிடும்; ஒன்றிரண்டு பட்டுச் சாகாமல் பறந்துபோய், கண்ணுக்கு எட்டாத இடத்தில் விழும். எட்டாத உயரத்தில் போவதை நோக்கிச் சுடுகிறவரை அங்குள்ளவர்கள் வெறுப்பது இதனால்தான். பக்கத்துக் குழிக்காரருக்கு இறங்கிக்கொண்டிருந்த கூட்டமும் கலைந்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

காயம்பட்ட பறவை. வேட்டை வரம்பை முடிவுசெய்யும் கூட்டாட்சிக் கணக்குகளில், கைக்கு வராமல் செத்துப்போகும் பறவைகளுக்காக 20 விழுக்காடு சேர்த்துக்கொள்வது வழக்கம். சிறிய பங்கு அல்ல அது. வீழ்த்தியதைத் தேடி எடுக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. நடைமுறையில் அந்தக் கடமையைச் சுமப்பது நாய். பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் லாப்ரடார் இறங்கித் தேடிக் கவ்வி வரும். பழகிய நாய் இல்லாமல், கோரை மண்டிய வயலில் மங்கிய வெளிச்சத்தில் சுடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனால் அதில்தான் அதிகப் பறவைகள் வீணாகின்றன. உயிரோடு தத்தளிக்கும் பறவையை உடனே இன்னொரு தோட்டாவால் முடித்துவிடுவதுதான் கருணை. தண்ணீரில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைச் சுடுவது வேறு. சட்டம் அதைத் தடுக்கவில்லை. அங்குள்ள மரபு அதை இழிவாகப் பார்க்கிறது.

பெண் வாத்து. வரம்பு இரண்டை அனுமதித்தாலும், ஒன்றைக்கூடச் சுடமாட்டோம் என்று இருக்கும் குழுக்கள் உண்டு. அடைகாக்கும் காலத்தில் நரி, ஸ்கங்க் என்ற சிறு விலங்கு போன்றவற்றிடம் பெண் வாத்துகள் அதிகம் சிக்கும். கூட்டத்தில் ஆண்களைவிட அவை குறைவு. அடுத்த ஆண்டின் கூட்டம் அவற்றின் கையில் இருக்கிறது.

சுழலும் இறக்கை. மின்கலத்தில் இயங்கும் இறக்கை சுழலும் பொம்மை வந்த புதிதில், அனுபவமற்ற இளம் பறவைகள் மிக எளிதில் ஏமாந்தன. ஆர்கன்சா 2005-இல் அதைத் தடை செய்து, சில ஆண்டுகளில் தடையை விலக்கிக்கொண்டது.

## ஈயம்

இந்த விஷயத்தில் இரு பக்கம் இல்லை. தோட்டாவுக்குள் இருக்கும் ரவைகளில் மிகச் சிலவே பறவைமேல் படும். மற்றவை எல்லாம் வயல்சேற்றில் விழும். வாத்து இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும். நெல்மணியோடும் கல்லோடும் ஈய ரவையையும் விழுங்கிவிடும். அரைவைப்பையில் அது தேய்ந்து இரத்தத்தில் கலக்கும். ஓரிரு ரவைகளே ஒரு வாத்தைக் கொல்லப் போதும். அந்த வாத்தைத் தின்ற கழுகும் சாகும். வெண்தலைக் கழுகுகள் இப்படி இறந்ததுதான் அமெரிக்காவில் தடையை விரைவுபடுத்தியது. 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் கூடாது. எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன் போன்றவைதான்.

ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுப் படுகையும், வலென்சியாவை ஒட்டிய அல்புஃபேரா ஏரியும் ஐரோப்பாவின் பெயர்பெற்ற நெல்நிலங்கள். அங்கும் குளிர்காலத்தில் வயலுக்குத் தண்ணீர் கட்டுவார்கள். வாத்து வேட்டை நூற்றாண்டுகள் பழையது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த ஈயத்தால், அங்கே குளிர்காலம் கழிக்கும் ஊசிவால் வாத்துகள் பெருமளவில் நஞ்சேறின. ஸ்பெயின் 2001-இல் பாதுகாக்கப்பட்ட ஈரநிலங்களில் ஈயத்தைத் தடுத்த பிறகு எப்ரோவில் நச்சின் அளவு குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் ஈரநிலங்களில் ஈய ரவைக்குத் தடை வந்தது 2023 பிப்ரவரி 15-இல்தான்.

எஃகு ஈயத்தைவிட இலேசானது. தூரத்தில் வேகம் சீக்கிரம் குறையும். எனவே ஈயம் போன பிறகு, பறவை நெருங்கி வரும்வரை பொறுத்திருக்கும் ஒழுக்கம் முன்னைவிட அவசியமாகிறது.

## சுடுகிறவர் காப்பாற்றுகிறாரா?

பலரைக் குழப்பும் கேள்வி இது. கணக்கைப் பார்ப்போம்.

1934 முதல், நீர்ப்பறவை வேட்டைக்குப் போகும் 16 வயது நிரம்பிய எவரும் கூட்டாட்சி 'வாத்து முத்திரை' வாங்க வேண்டும். முதல் முத்திரையை வரைந்தவர் கேலிச்சித்திரக்காரரும் அப்போதைய வனவுயிர்த் துறைத் தலைவருமான ஜே நார்வுட் 'டிங்' டார்லிங். அன்று விலை 1 டாலர். இன்று 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. 1937 சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனை வரியும் வனவுயிர்ப் பணிக்குப் போகிறது. பறவைகளைப் பார்த்து மகிழ்கிறவர்கள் இந்த அளவுக்குக் கட்டாயமாகப் பணம் கட்டுவதில்லை என்பதும் உண்மை.

எண்ணிக்கையையும் கவனிக்கிறார்கள். 1955 முதல் ஆண்டுதோறும் சிறு விமானங்களில் வடக்குக் குட்டைகளுக்கு மேல் பறந்து எண்ணுகிறார்கள். கோவிட் காரணமாக 2020, 2021 மட்டும் விடுபட்டன. மல்லார்ட் 2023-இல் 61 லட்சம், 2024-இல் 66 லட்சம். நீண்டகாலச் சராசரி 79 லட்சத்துக்குக் கிட்டத்தில். குறைந்திருக்கிறது. இதற்கு வேட்டையைவிட வடக்கே வற்றும், உழுது மூடப்படும் குட்டைகளே பெரிய காரணம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அங்கே இன்னொரு வாதமும் உண்டு: எப்படியும் குளிரிலும் பசியிலும் சாகப்போகும் பறவைகளில் ஒரு பங்கைத்தான் வேட்டை எடுக்கிறது, மிஞ்சியவற்றுக்கு இரை கூடுதலாகக் கிடைக்கும். ஓரளவுக்கு இது உண்மை. எல்லை தாண்டினால் பொய்யாகிவிடும். கொன்றது போக மீதி தேறிவிடும் என்ற கணக்கு, கொல்வது சரியா என்ற கேள்விக்குப் பதிலும் ஆகாது. உயிரைக் கொல்வதே தவறு என்று நினைப்பவரை எந்த முத்திரைப் பணமும் சமாதானப்படுத்தாது. சமாதானப்படுத்த வேண்டியதும் இல்லை.

விதிகள் தலைகீழான ஒரு வழக்கும் இருக்கிறது. ஸ்னோ கூஸ் எனப்படும் வெள்ளைப் பெருவாத்துகள் தெற்கே வயல்களில் சிந்திய தானியத்தைத் தின்று பெருகின. கோடையில் ஹட்சன் விரிகுடாவின் கரைக்குத் திரும்பி, புல்லை வேரோடு பிடுங்கித் தின்று, தூந்திர நிலத்தைச் சேற்றுப் பாலையாக்கின. 1999-இல் அவற்றுக்கு மட்டும் சிறப்பு ஆணை வந்தது: ஒலிப்பதிவு போடலாம், தோட்டா வரம்பும் இல்லை. மல்லார்டுக்கு அநியாயம் என்று தடுத்ததை இதற்கு அனுமதித்தார்கள். ஆர்கன்சாவில் சிந்திய நெல்லின் விளைவு ஆர்க்டிக் ஓரத்தில் தெரிகிறது.

## அமைதியான தண்ணீர்

விவாதம் பெரும்பாலும் துப்பாக்கியைச் சுற்றியே நடக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, சுடப்படாத தண்ணீர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது.

பறவைகள்மேல் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன. வேட்டைப் பருவத்தில் மல்லார்டுகள் பகல் முழுதும் சரணாலயங்களிலேயே நெருக்கியடித்துக் கிடக்கின்றன. இருட்டிய பிறகு நெல்வயல்களுக்கு வந்து தின்றுவிட்டு, விடியுமுன் திரும்பிவிடுகின்றன. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறையும்வரை சுடலாம் என்ற விதியை அவை மனிதரைவிடத் துல்லியமாகக் கற்றுக்கொண்டுவிட்டன. காடு இருந்த காலத்தில் ஒரு இடத்தில் தொந்தரவு என்றால் வேறு இடம் போகலாம். இன்று வேறு இடம் என்பது இன்னொருவரின் குத்தகை வயல், அங்கும் ஒரு குழி. இரைக்காக இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற பறவையிடம் 'தப்பிக்க வாய்ப்பு இருந்ததே' என்று சொல்வது முழு உண்மை ஆகாது. ஒரு பண்ணையில் நாலு வயலுக்குத் தண்ணீர் கட்டினால் ஒன்றையாவது சுடாமல் விடுவது, நண்பகலோடு நிறுத்திக்கொள்வது, வாரத்தில் சில நாள் ஓய்வு விடுவது: இவற்றை நான் நாள் வரம்புக்கு மேலாக வைப்பேன். ஆர்கன்சாவின் பொது வேட்டைநிலங்கள் பலவற்றில் நண்பகல் விதி ஏற்கெனவே இருக்கிறது.

தண்ணீர் சுருங்கினால் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியா காட்டியது. 2020-இல் அதன் வட எல்லையில் உள்ள டூலி ஏரிப் பகுதியில் சூடேறிய ஆழமற்ற நீரில் நெருக்கியடித்த பறவைகளிடையே பாட்டுலிசம் என்ற நச்சு நோய் பரவி, ஏறக்குறைய 60,000 பறவைகள் மாண்டன. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. 2022 வறட்சியில் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் வழக்கமான நெல் பரப்பில் பாதிதான் பயிரானது. குளிர்கால நீர்ப்பரப்பும் அதற்கேற்பக் குறைந்தது.

ஆர்கன்சாவிலும் இது பொருந்தும். அங்கே நெல்லுக்கான நீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து வருகிறது. நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனதால் கிராண்ட் பிரெய்ரியை நெருக்கடிப் பகுதியாக மாநிலம் அறிவித்தது. மழைநீரைத் தேக்கி வாத்துக்கு விடுவது ஒன்று. வேட்டைக்காக நிலத்தடி நீரை உறிஞ்சி வயலை நிரப்புவது வேறு. அடுத்த தலைமுறை உழவரின் நெல்லை அது தொடுகிறது.

## நம் நாட்டில்

இந்தியாவில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தை வேட்டையாடுவது குற்றம். பருவம், வரம்பு, முத்திரை எதுவும் கிடையாது. தமிழ்நாட்டு ஏரிகளுக்கு வரும் ஊசிவால் வாத்தை வலைவைத்துப் பிடித்து விற்பவர் செய்வது கள்ள வேட்டை. அமெரிக்க முறையை இங்கே நியாயமாகக் காட்ட முடியாது. வயலும் ஏரியும் பறவைக்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு மட்டும் இரு நாட்டுக்கும் பொது.

## ஜனவரி 31-க்குப் பிறகு

2019-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, வாத்து வேட்டைப் பருவம் ஜனவரி 31-ஐத் தாண்டக் கூடாது. அதோடு பல வயல்களில் மடைப் பலகையைப் பிடுங்கிவிடுகிறார்கள். உழவுக்கு நிலம் காய வேண்டும், குத்தகைக்காரரும் வீடு திரும்பிவிட்டார். வாத்துகள் இன்னும் கிளம்பவில்லை. பிப்ரவரியில்தான் அவை நீண்ட வடக்குப் பயணத்துக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். அந்த நேரம் வயலில் சிந்திய நெல்லும் பெரும்பாலும் முளைத்தும் அழுகியும் தின்னப்பட்டும் தீர்ந்திருக்கும், களைவிதையும் புழுவும்தான் மிச்சம். தண்ணீர் வடிந்தால் அதுவும் இல்லை. பிப்ரவரி முடிய நீரைத் தேக்கி வைக்கும் உழவர்களுக்குப் பணம் கொடுக்கும் அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. பணம் வாங்காமலே பலகையை அப்படியே விட்டுவைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வயல்களில் பிப்ரவரி விடியலில் குழி காலியாக இருக்கும், தண்ணீர் முழுக்க வாத்து இருக்கும்.